பெட்டி எப்போது உள்ளே போகும்? சென்னைத் துறைமுக வட்டாரம் ‘லாஜிஸ்டிக்ஸ் ஹப்’ ஆவதன் அரிச்சுவடி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. சாயங்காலம் நாலு மணிக்கு நாற்பதடி கன்டெய்னரில் கடைசி அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். போல்ட் சீலைச் சொருகி அழுத்தினதும் ‘டக்’கென்று பூட்டு விழுகிறது. சூப்பர்வைசர் சீல் எண்ணை செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார். வழியில் சுங்கத்துறை திறந்து காட்டச் சொன்னால் ஒழிய, அந்தச் சீல் இனி கப்பல் போய்ச் சேரும் நாட்டில்தான் உடைபடும். ட்ரெய்லர் கிளம்புகிறது. துறைமுகத்துக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அடுத்த நிமிஷம் ஏற்றுமதி மேனேஜரிடமிருந்து போன் வரும்: “ராத்திரிக்குள்ள உள்ள போயிடுமாங்க?”

தம்பு செட்டித் தெருவில், சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் அந்தப் போனை எடுத்தவன் நான். கடல் தாண்டி அந்தப் பெட்டி எந்தத் தேதி வாக்கில் இறங்கும் என்று கேட்டால் கப்பல் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த அறுபது கிலோமீட்டருக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் திணறியிருக்கிறேன். ‘சென்னையை லாஜிஸ்டிக்ஸ் ஹப் ஆக்குவோம்’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேனேஜரின் கேள்விதான் நினைவுக்கு வரும். ஹப் என்ற சொல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு கேள்விதான்.

துறைமுகம் என்பது கப்பலும் கரையும் சந்திக்கிற இடம். லாஜிஸ்டிக்ஸ் ஹப் அதைவிட விரிந்தது. பொருள் கிளம்பும் தொழிற்சாலை, அது தங்கும் குடோன், போகிற சாலை, ரயில் பாதை, சுங்க அனுமதி, லாரி நிற்கும் இடம், காலிப் பெட்டிகளை அடுக்கும் யார்டு, கடைசியில் கப்பல் என எல்லாம் சேர்ந்த ஒரு வட்டாரம் அது. அங்கே ஒன்றின் நேரம் மற்றொன்றுக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜார்ஜ் டவுனுக்குள் கொத்தவால் சாவடி இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காய்க்குக் குறைவில்லை, வாங்குகிறவர்களுக்கும் குறைவில்லை. லாரி உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். 1996இல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. விற்பது அதே காய்தான். ஆனால் லாரி வந்து போக வழியும், நிற்க இடமும் கிடைத்தன. சந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கலாம். கடலைத் தொட்டு நிற்கிற துறைமுகத்தை அப்படிச் செய்ய முடியாது. சென்னையின் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சென்னைக்கு இயற்கை கொடுத்த துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலுக்குள் தள்ளி நிற்க, மசூலா படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தன. 1861இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு கடற்பாலம் வந்தது. பிறகு அலைதாங்கிச் சுவர்கள் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்துவிட்டது. 1904இல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே பார்த்திருந்த வாயிலை வடகிழக்குக்கு மாற்றியதோடு, அடுத்த பதினைந்து ஆண்டில் அதை உருப்படியான துறைமுகமாக ஆக்கினார். இந்தச் சுவர்களால் இன்னொன்றும் நடந்தது. நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை தடுத்து நிறுத்தின. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து இல்லாமல் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே நாம் பார்க்கும் கருங்கல் தடுப்புகள் அதனால் வந்தவை. துறைமுகத்தில் வைக்கிற ஒரு கல் பல மைல் தள்ளி இருப்பவன் வீட்டு வாசலை மாற்றும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1983இல் இந்தியாவின் முதல் கன்டெய்னர் முனையம் சென்னையில் திறக்கப்பட்டது. கன்டெய்னர் வருவதற்கு முன் மூட்டை மூட்டையாக, பேல் பேலாகத் தோளில் ஏற்றி இறக்கிய வேலையைக் கிரேன் இப்போது நிமிஷக் கணக்கில் முடிக்கிறது. இருபதடிப் பெட்டி ஒன்றை ஒரு டி.இ.யூ. என்று எண்ணுவார்கள்; நாற்பதடி என்றால் இரண்டு. துறைமுகத்தின் அளவைச் சொல்ல உலகம் முழுக்க இந்தக் கணக்குதான்.

பெட்டி வந்தது; துறைமுகத்துக்கு விரிய இடம்தான் இல்லை. மேற்கே ராஜாஜி சாலையும் பாரிமுனையும். தெற்கே கூவம் முகத்துவாரம். வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கிழக்கே கடல். ஆகவே வட்டாரம் வடக்கே நீண்டது. 2001இல் எண்ணூரில், முதலில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காக ஒரு புதிய துறைமுகம் வந்தது. 2014 முதல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதற்கும் வடக்கே ஒட்டினாற்போலக் காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம். 2011இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சென்னையை விட்டு வெளியேறின. கரித்தூளைச் சுவாசித்துக் கிடந்த ராயபுரத்து ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அங்கே மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். இன்று ‘சென்னைத் துறைமுகம்’ என்று பேசுகிறவர்கள் நிஜத்தில் இந்த மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும். ஒரே ஆலை இந்த வாரம் ஒன்றிலும் அடுத்த வாரம் வேறொன்றிலும் சரக்கு ஏற்றும். மூன்றுக்கும் உயிர்நாடி ஒரே சில சாலைகள்தான்.

இப்போது நம் பெட்டிக்குத் திரும்புவோம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ‘கட்-ஆஃப்’ என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் பெட்டி கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அதற்கு ‘ஷட்-அவுட்’ என்று பெயர். பெட்டி கரையில் நிற்கும், கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான். என் கையில் ஒரு முறை நாற்பது நிமிஷத் தாமதத்தில் ஒரு பெட்டி ஷட்-அவுட் ஆனது. திருவொற்றியூர்ப் பக்கம் வரிசையில் இரண்டு ராத்திரி நின்ற வண்டி அது. உள்ளே இருந்தது ஆயத்த ஆடை. வெளிநாட்டு வியாபாரி பண்டிகை விற்பனைக்குக் கேட்டிருந்தார். கப்பல் போனதும் அவர் சொன்னது ஒன்றே: விமானத்தில் அனுப்புங்கள், செலவு உங்களுடையது. பெட்டியைத் திரும்ப எடுத்து, சீலை உடைத்து, சரக்கை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஏற்றி அனுப்பினோம். அந்தச் சிறிய ஆலைக்கு அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவுமே மிஞ்சவில்லை. முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை. ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

புதிதாகப் படிக்கிறவர்கள் பொதுவாகக் கேட்பது, எந்தத் துறைமுகம் வேகமானது, எது மலிவானது என்று. சரக்கு அனுப்புகிறவருக்கு இவை இரண்டையும்விட முக்கியமானது நிச்சயம். இரண்டு துறைமுகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எப்போதும் மூன்று நாள் ஆகும். மற்றதில் சில நாள் ஒன்று, சில நாள் ஆறு. சராசரி பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவதை நம்புகிற ஆலை ஆறு நாளுக்குத்தான் திட்டம் போட முடியும். மூலப்பொருளைக் கூடுதலாக வாங்கிக் குடோனில் அடுக்கி வைக்கும், அதற்கு வட்டி கட்டும், உற்பத்தியை முன்கூட்டியே முடிக்கும். எல்லோரும் ‘எதற்கும் ஒரு நாள் முன்னாடியே அனுப்பிவிடு’ என்று அனுப்புவார்கள். அப்படி முன்கூட்டி வந்த பெட்டிகளால் யார்டு நிரம்பும். யார்டு நிரம்பினால் கேட்டில் வரிசை நீளும். வரிசை நீண்டால் இன்னும் ஒரு நாள் முன்னாடி அனுப்புவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்ற கன்டெய்னர் வரிசைக்குள் இந்தப் பயமும் நின்றுகொண்டிருந்தது.

வரிசைக்கு விலை உண்டு. ஒரு ட்ரெய்லருக்கு மாதத் தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு. ஒரே நாளில் இரண்டு நடை அடித்தால் பெட்டிக்கு 3,000. ஒரு நடைக்கு இரண்டு நாள் ஆனால் 12,000. டீசல் விலை ஏறவில்லை, சுங்கச்சாவடிக் கட்டணம் ஏறவில்லை, தூரமும் மாறவில்லை. வாடகை மட்டும் நாலு மடங்கு. துறைமுகம் தன் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்து இந்த இடைவெளியை ஒருபோதும் அடைக்க முடியாது.

இறக்குமதிப் பக்கம் வேறு கதை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியை வழக்கமாக சி.எஃப்.எஸ். என்ற சரக்குப் பெட்டக நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இவை நிறைய. சுங்கப் பரிசோதனை, வரி கட்டுதல், பெட்டியைப் பிரித்துச் சரக்கை எடுத்தல் எல்லாம் அங்கே நடக்கும். யார்டில் இட நெருக்கடி இருந்த காலத்தில் இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறை பெட்டியைத் தூக்கி வைப்பதற்கும் ஒரு கட்டணம், ஒரு காத்திருப்பு. அதனால் நல்ல நடைமுறைப் பதிவுள்ள இறக்குமதியாளர்களுக்கு, பெட்டியைத் துறைமுகத்திலிருந்து நேராக ஆலைக்கே எடுத்துப்போகும் ‘டைரக்ட் போர்ட் டெலிவரி’ வந்தது. சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பில்லைக் கப்பல் வருவதற்கு முன்பே கணினியில் தாக்கல் செய்து வரி கட்டிவிட்டால், பெட்டி கரையில் தங்குகிற நாள் குறையும். இந்தத் தங்கும் நேரம்தான் துறைமுகத்தின் நாடித்துடிப்பு. இலவச நாட்கள் தாண்டினால் யார்டுக்கு டெமரேஜ் என்ற கட்டணம், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டு பக்கமும் பணம் கட்டுகிற புதிய வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது.

செய்திகளில் அதிகம் அடிபடாத ஒரு பொருள் காலிப் பெட்டி. உதிரிபாகம் இறக்கிய ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. பெட்டி காலியாக மணலி யார்டுக்குத் திரும்புகிறது. மறுநாள் அதே யார்டிலிருந்து இன்னொரு காலிப் பெட்டி, ஏற்றுமதிக்காக ஒரகடத்துக்குப் போகிறது. இரண்டு வண்டி, இரண்டும் பாதி வழி காற்றைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. இறக்கிய பெட்டியை அங்கேயே சுத்தம் செய்து, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, பக்கத்து ஆலைக்கு ஏற்றுமதிக்குக் கொடுத்துவிட்டால் நகருக்குள் எத்தனை நடை மிச்சம்! இதற்கு ஆலைகளுக்கு நடுவில் ஒரு யார்டு வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் வரவிருக்கும் பன்முகப் போக்குவரத்து லாஜிஸ்டிக்ஸ் பூங்காவின் மேல் எனக்கு இருக்கும் பெரிய நம்பிக்கை இதுதான். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். குடோன், குளிர்பதனக் கிடங்கு, சுங்க அனுமதி, ரயில் இணைப்பு எல்லாம் ஒரே வளாகத்தில் என்பது திட்டம். அந்த ரயில் இணைப்பு சரியாக அமையாவிட்டால் அது இன்னொரு பெரிய குடோனாகத்தான் நிற்கும் என்பது என் கருத்து. ஒரு கன்டெய்னர் ரயில் 45 வேகன், 90 டி.இ.யூ. அதாவது நாற்பதடிப் பெட்டி ஏற்றிய 45 ட்ரெய்லர் சாலையை விட்டு இறங்குகிறது.

சாலைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை சுமார் 20 கிலோமீட்டர் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் விழுந்தது. 2012இல் வேலை நின்றது. கூவத்தில் வருஷக்கணக்காக மொட்டையாக நின்ற தூண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது அதை இரண்டு அடுக்காக மாற்றி, மேலே துறைமுக வண்டிகள், கீழே நகரப் போக்குவரத்து என்று மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை என்பதால் ராத்திரிக்காகக் காத்திருக்கும் கூட்டம் இது முடிந்தால் கலையும். இரண்டாவது, எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரை 130 கிலோமீட்டருக்கு மேல் நீள்வதாகத் திட்டமிட்ட எல்லைச் சாலை. ஒரகடத்துப் பெட்டி நகரத்தைத் தொடாமலே எண்ணூர் போய்ச் சேர வழி அது. இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சாலைதான். மூன்று துறைமுகத்தையும் ஒரே வட்டாரமாகக் கட்டக்கூடிய கயிறு அது.

சிலர் சிங்கப்பூர் மாதிரி, கொழும்பு மாதிரி ஆக வேண்டும் என்பார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 2024இல் சிங்கப்பூர் 4 கோடியே 11 லட்சம் டி.இ.யூ. கையாண்டது. அதில் பெரும்பகுதி அந்த ஊருக்கு வந்த சரக்கே அல்ல. ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறிய பெட்டிகள். நாம் தஞ்சாவூரிலிருந்து வந்து கிளாம்பாக்கத்தில் பஸ் மாறுவதுபோல. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெரிய கடல்வழி கொழும்புக்கும் கேரளத்தின் விழிஞ்சத்துக்கும் வெகு அருகில் போகிறது. வங்கக்கடலுக்குள் தள்ளியிருக்கும் சென்னைக்கு அந்த வசதி இல்லை. சென்னையின் பலம் முதுகுப்பக்கம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலைகளும் மின்னணு ஆலைகளும், அதற்கப்பால் ஓசூர், பெங்களூரு. நம்மூர் ஆலை செய்த பொருளை ஏற்றும் வாயில் நாம். வாயிலாக இருப்பதும் பெருமையான தொழில்தான். அதற்கான கணக்கு மட்டும் வேறு. பஸ் மாறும் ஊருக்குக் கடலில் நேரம் முக்கியம். வாயிலுக்குக் கரையில் நேரம் முக்கியம்.

துறைமுகங்களுக்குள் போட்டி என்று சொல்வதும் இதனால்தான். ஒரகடத்துக்காரருக்கு வேறு துறைமுகம் தூரம். கொஞ்சம் தாமதம் ஆனாலும் பொறுத்துக்கொள்வார். பெங்களூருக்காரர் அப்படி இல்லை. சென்னை சரிப்படவில்லை என்றால் தெற்கே தூத்துக்குடி, மேற்கே மும்பைப் பக்கத்து நவ சேவா என்று பார்ப்பார். பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு சரக்கு நிலையத்தில் ரயிலேறும் பெட்டி எந்தத் திசையில் போகிறது என்பதுதான் சென்னை ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதற்கு நான் பார்க்கும் தராசு முள்.

மணல் கதையை நினைவில் வைக்கச் சொன்னேன். இந்த வட்டாரம் வளர்கிற திசை எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு. கொசஸ்தலையாறு கடலில் சேருகிற கழிமுகம் அது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற குப்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்த்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படகு, வலை, வீட்டுச்சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியது. துறைமுக விரிவாக்கம் என்றதும் அந்த மக்கள் எதிர்த்து நிற்பதை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. தங்கள் கரைக்கு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ராயபுரம் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. மணல் நகர்வு, கழிமுகத்தின் நீரோட்டம், மீனவர் வழித்தடம் ஆகியவை திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

டிரைவர்கள் விஷயமும் அப்படித்தான். பல வருஷம் எங்களுக்கு வண்டி ஓட்டிய ஒரு அண்ணன் ரெட்ஹில்ஸ்காரர். வரிசையில் நிற்கும்போது ட்ரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஸ்டவ்வை எடுத்து வைத்து, காற்று அணைக்காமல் இருக்க அட்டையைச் சுற்றி மறைத்து, ரசமும் சோறும் பொங்குவார். வண்டி பத்தடி நகர்ந்தால் கொதிக்கிற பாத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு க்ளீனர் பையன் கூடவே நடப்பான். கழிப்பறை கிடையாது, குளிக்கத் தண்ணீர் கிடையாது. தூக்கம் கெட்ட மனிதர்தான் மறுநாள் முப்பது டன்னைப் பள்ளிக்கூட நேரத்தில் ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வருவார். லாரி நிறுத்துமிடம் என்றால் சிமெண்ட் தளம் மட்டும் போதாது என்று எந்தக் கூட்டத்திலும் நான் சொல்வது இந்த மனிதரை நினைத்துத்தான்.

சிட்னியில் போர்ட் பாட்டனி துறைமுகத்தில் லாரிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். குறித்த நேரத்துக்கு லாரி வராவிட்டால் லாரிக்காரர் அபராதம் கட்ட வேண்டும். லாரி வந்தும் முனையம் அதைக் காக்க வைத்தால் முனையம் லாரிக்காரருக்குக் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. காத்திருப்பின் செலவு யாரால் வந்ததோ அவர் தலையில் அது விழுகிறது.

இதை ஒரு நாள் அந்த ரெட்ஹில்ஸ் அண்ணனிடம் விளக்கினேன். “ராத்திரி பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள்ள உங்க வண்டின்னு போன்ல வரும் அண்ணே, அந்த நேரத்துக்குப் போனா நேரா உள்ள விட்டுடுவாங்க” என்றேன். அவர் அபராதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்போ வீட்லயே சாப்ட்டுட்டு வரலாம் சார்.”